சின்னது போகுது, பெரிசு போகலை

வில்லியனூர் கிளையிலிருந்து மூன்றாவது நாளாக அதே புகார். ஸ்டாக் திரை திறக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் உள்ளே விடுகிறது. ஒரு மருந்தின் பெயரைத் தட்டினால் இருப்பு எவ்வளவு என்று சொல்கிறது. முழுப் பட்டியலைக் கேட்டால் மட்டும் திரை உறைந்துபோகிறது. 2009ஆம் ஆண்டு ஆடி மாதம், வீராம்பட்டினம் தேருக்கு இரண்டு நாள் இருந்தது. தேரன்று எங்கள் அரியாங்குப்பம் பக்கம் கடலூர் சாலையில் வண்டி நகராது. அதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று காலையில் அவசரமாகக் கிளம்பி வந்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டிப்ளமா முடித்துவிட்டு, சின்ன நிறுவனங்களின் கிளைகளை இணைத்துக் கொடுக்கும் ஒரு கடையில் இருந்தேன். இந்த வாடிக்கையாளர் மருந்து மொத்த வியாபாரி. சர்வர் புதுச்சேரி தலைமை அலுவலகத்தில் இருந்தது. வில்லியனூர், பாகூர், கடலூர் கிளைகளுக்கு ஜிஆர்இ டன்னல் போட்டிருந்தோம். டன்னல் போடும் கட்டளைகள் எனக்கு மனப்பாடம். அவை கம்பியில் என்ன செய்கின்றன என்பது தெரியாது. அந்த வித்தியாசமே அப்போது எனக்குப் புரிந்திருக்கவில்லை.

இரண்டு நாளும் நான் செய்ததெல்லாம் இதுதான்: கேபிளை மாற்றினேன், மோடத்தை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், பிங் அடித்தேன். பிங் ஒன்றுகூடத் தவறாமல் திரும்பி வந்தது. "லைன் நல்லா இருக்கு சார், அவங்க சாஃப்ட்வேர்லதான் ஏதோ கோளாறு" என்று கடையில் எனக்கு மூத்தவரிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ரெண்டு பக்கமும் கேப்சர் எடுத்தியா தம்பி?"

எடுக்கவில்லை. கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்வதுதான் கேப்சர்; எப்படி எடுப்பது என்றும் தெரியாது. அவர் தன் பையிலிருந்து ஒரு பழைய ஹப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். நான்கு துளை, 10 எம்பிபிஎஸ், சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமானாக வாங்கியது. இன்றைய பிள்ளைகள் ஹப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்விட்ச் ஒரு பாக்கெட்டை உரியவரின் துளைக்கு மட்டும் அனுப்பும். நடுவில் மடிக்கணினியைச் செருகினால் ஒன்றும் கேட்காது. ஹப்புக்கு அந்த அறிவு கிடையாது. ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளையிலும் அப்படியே ஒப்பிக்கும். வேகம் குறைந்த பழைய பெட்டி என்று எல்லோரும் தூக்கிப் போட்ட அதே குணத்துக்காகத்தான் எங்கள் தொழிலில் பலர் அதைப் பையிலேயே வைத்திருந்தார்கள்.

பாக்கெட்டைப் பொட்டலம் என்று மொழிபெயர்க்கிறார்கள். எங்கள் அறையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானும் பாக்கெட் என்றே எழுதுகிறேன். ஆனாலும் பொட்டலம் நல்ல சொல்தான். மளிகைக் கடைப் பொட்டலத்தைப் போல இதற்கும் மேல்தாள் உண்டு, உள்சரக்கு உண்டு, இவ்வளவுதான் கொள்ளும் என்ற அளவும் உண்டு. அன்றைக்கு என் சிக்கல் அந்த அளவில்தான் இருந்தது.

முதல் கேப்சரைச் சர்வரிலேயே எடுத்தோம். வயர்ஷார்க் திரையில் வரிகள் ஓடின. தொடக்கக் கைகுலுக்கல் மூன்று வரி. இரண்டு பக்கமும் "ஒரு தடவையில் 1460 பைட் வரை வாங்கிக்கொள்வேன்" என்று எம்எஸ்எஸ் சொல்லிக்கொண்டன. பிறகு சின்னச் சின்னக் கேள்வியும் பதிலும். வில்லியனூரில் ஒருவர் முழுப் பட்டியல் பொத்தானை அழுத்தினார். சர்வர் 1514 பைட் நீளத்தில் பதிலை அனுப்பியது. அடுத்த வரி கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து: அதே பாக்கெட், மறு அனுப்பல். மீண்டும் கறுப்பு. இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் வாங்கியதற்கு அடையாளமே இல்லை.

இரண்டாவது கேப்சருக்கு ஹப்பை ஃபயர்வாலுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைத்தோம். அதே 1514 பைட் பாக்கெட் ஃபயர்வாலைத் தாண்டி ரவுட்டரை நோக்கிப் போனது. உடனே ரவுட்டர் 70 பைட்டில் ஒரு சின்னப் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பியது. பிங்கும் பிழைச் சேதிகளும் போகும் ஐசிஎம்பி நெறி, வகை 3, குறி 4. அதன் பொருள்: இது என் வழியில் கொள்ளாது, துண்டாக்கவும் கூடாது என்று டிஎஃப் பிட் போட்டிருக்கிறாய், அதிகபட்சம் 1476 பைட்டாக அனுப்பு. பெரியதை எறிந்ததும் இந்தச் சின்னது திரும்புகிறது. மறு அனுப்பல் வந்ததும் மறுபடியும் திரும்புகிறது. ரவுட்டர் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

மூத்தவர் இரண்டு கேப்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல இருக்கறது அதுல எது இல்லைன்னு பாரு" என்றார். அந்த 70 பைட் பாக்கெட் சர்வரின் கேப்சரில் ஒன்றுகூட இல்லை. ஃபயர்வால் போட்டவர் பிங் போகவர மட்டும் அனுமதித்து, மற்ற ஐசிஎம்பி எல்லாவற்றையும் பாதுகாப்பு என்று நினைத்துத் தடுத்திருந்தார். ரவுட்டர் காரணம் சொன்னது. சர்வரின் காதுக்கு அது எட்டவே இல்லை. அதனால்தான் மூன்று நாளும் பிங் எனக்கு நல்ல சேதியாகவே சொன்னது. நான் அனுப்பிய பிங் சின்னது.

அளவைக் கூட்டிக் கூட்டி டிஎஃப் போட்டுப் பிங் அடித்துப் பார்த்தேன். 1448 பைட் போனது. 1449 போகவில்லை. ஒரே ஒரு பைட். 1448ஓடு ஐசிஎம்பி ஹெடர் 8, ஐபி ஹெடர் 20 சேர்த்தால் 1476. ஈதர்நெட் 1500 பைட் சுமக்கும். மீதி 24 எங்கே போனது? மூத்தவர் ஒரு தாளை எடுத்து 32 கட்டம் அகலத்தில் வரிசை வரிசையாக வரைந்தார். ஜிஆர்இ ஹெடர் 4 பைட். அதற்கு வெளியே புதிதாக ஓர் ஐபி ஹெடர் 20 பைட். 24. கட்டளையாக மட்டும் தெரிந்திருந்த டன்னல் அந்தத் தாளில்தான் எனக்கு எடையுள்ள பொருளானது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தபால் துறையில் முப்பது வருடம் இருந்தவர். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது; ஆனாலும் முழுதும் கேட்டார். "அப்ப இது மெயில் பை" என்றார். கடலூருக்குப் போகும் கடிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, கடலூர் என்று லேபிள் கட்டுவார்கள். வழியில் இருப்பவர்கள் லேபிளை மட்டும்தான் படிப்பார்கள். உள்ளே எந்தத் தெரு, எந்த வீடு என்பது கடலூரில் பையைப் பிரிப்பவருக்குத்தான். "பைக்கும் எடை உண்டுடா. எடை போடும்போது அதையும் சேர்த்துத்தான் போடணும்" என்றார். ஜிஆர்இ-யின் நெறியை 1994இல் ஆர்எஃப்சி 1701 என்று வெளியிட்டார்கள், பிறகு 2000இல் 2784 என்று எளிமையாக்கினார்கள். இரண்டையும் பின்னாளில் படித்தேன். அப்பா சொன்னதற்கு மேல் அவை எனக்குப் புதிதாகச் சொன்னது வடிவ விவரங்கள்தான்.

திருத்தம் எளிது. ஃபயர்வாலில் வகை 3 குறி 4ஐ விடச் சொன்னோம். கிளைகள் டெலிபோன் கம்பி அகலப்பட்டையில் இருந்தன. அதில் பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும், 1500 அங்கே 1492. அதில் 24 போக 1468. தலைமை அலுவலக ரவுட்டரில் டன்னலின் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1468 என்றும், கடக்கும் கைகுலுக்கலில் எம்எஸ்எஸ்ஸை 1428 என்றும் மாற்றினேன். வில்லியனூரில் பட்டியல் நொடியில் வந்தது. தேருக்கு முந்தின நாள் மாலை நேரத்தோடு வீட்டில் இருந்தேன்.

கிளைப் பக்க ரவுட்டர்களில் அதே எண்ணை மாற்றவில்லை. ஒரு பக்கம் மாற்றியதும் வேலை நடந்ததால் அதோடு விட்டேன். அது என் தவறு. மூன்று வாரம் கழித்து அது தெரிந்தது.

பாகூரில் ஓர் இரவு மின்சாரம் போய் வந்தது, ரவுட்டர் எழுந்தது, டன்னலும் எழுந்தது. ஆனால் வழிகள் மட்டும் வரவில்லை. டன்னலுக்கு மேல் ஓஎஸ்பிஎஃப் ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஊருக்கு எந்தப் பக்கம் என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறி அது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றன, ஆனால் அண்டையுறவு எக்ஸ்டார்ட் என்ற நிலையிலேயே நிற்கிறது. இந்த முறை யாரும் சொல்லாமலே கேப்சர் எடுத்தேன். பத்து நொடிக்கு ஒருமுறை ஹலோ இரு பக்கமும் ஒழுங்காகப் போய்வந்தது. அதற்கு நடுவே டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் என்ற வகைப் பாக்கெட், ஐந்து நொடிக்கு ஒருமுறை, அதே எண்ணோடு திரும்பத் திரும்ப. அதைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். இன்டர்ஃபேஸ் எம்டியு என்று ஒரு புலம். பாகூர் சொன்னது 1476. புதுச்சேரி சொன்னது 1468. தன்னால் வாங்க முடியாத அளவைச் சொல்லும் அண்டைவீட்டாரின் பட்டியலை ஓஎஸ்பிஎஃப் ஏற்காது. உறவு ஏற்கெனவே முழுமையாக இருந்தவரை யாரும் இதைத் திரும்பக் கேட்கவில்லை. மின்சாரம் போய் முதலிலிருந்து தொடங்கியபோதுதான் கேள்வி எழுந்தது. நான் விட்ட எண் அந்தப் பாக்கெட்டுக்குள் என் கண்முன் இருந்தது.

இதற்குப் பிறகுதான் முறையாகப் படிக்கத் தொடங்கினேன். புத்தகத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு கேப்சர் பார்ப்பதில்லை. முதலில் கேப்சர், புரியாத புலம் எதுவோ அதற்கு மட்டும் புத்தகம். அரியாங்குப்பம் வீட்டின் முன்னறையில் ஒரு பழைய கணினியில் டைனாமிப்ஸ் ஓட்டினேன். ரவுட்டரை மென்பொருளாகவே இயக்கிக் காட்டும் அதை, பிரான்சில் கோம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த கிறிஸ்தோஃப் ஃபியோ 2005இல் எழுதத் தொடங்கினார். காசு கொடுத்து நான்கு ரவுட்டர் வாங்க முடியாத பிள்ளைகள் உலகமெங்கும் அதனால் படித்தார்கள். அதில் எந்தக் கம்பியிலும் காது வைக்கலாம்.

முதலில் பார்த்தது ரிப். எளிய, வயதான நெறி. முப்பது நொடிக்கு ஒருமுறை தன்னிடமிருக்கும் வழிகளை எல்லாம் உரக்கச் சொல்லும். அதன் தற்காப்புகளை வேண்டுமென்றே அணைத்துவிட்டு ஒரு கம்பியைத் துண்டித்தேன். அறுந்த ஊருக்கு வழி என்னிடம் இருக்கிறது என்று ஒரு ரவுட்டர் சொல்ல, அதை நம்பி மற்றது ஒன்று கூட்டிச் சொல்ல, அதைக் கேட்டு முதலாவது இன்னொன்று கூட்டிச் சொல்ல, தூரம் 3, 4, 5 என்று ஏறி 16இல் நின்றது. ரிப்புக்கு 16 என்றால் முடிவிலி, அதாவது வழியில்லை. "முடிவிலி வரை எண்ணுதல்" என்று பாடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதியிருந்தேன். வதந்தி பரவுவதை வரிவரியாக நேர எண்ணோடு பார்த்த அன்றுதான் ஓஎஸ்பிஎஃப் ஏன் பிறந்தது என்பது விளங்கியது. அதில் ஒருவர் சொன்ன தூரத்தை மற்றவர் நம்புவதில்லை. ஒவ்வொருவரும் தன் வாசலில் உள்ள கம்பிகளை மட்டும் சொல்ல, முழு வரைபடத்தையும் தானே கூட்டிக்கொள்கிறார்கள்.

அதே முன்னறையில்தான் டன்னல் தன்னையே விழுங்குவதையும் பார்த்தேன். டன்னலின் மறுமுனை முகவரிக்குப் போகும் வழியையும் டன்னல் வழியாகவே ஓஎஸ்பிஎஃப் கற்றுக்கொள்ளும்படி ஒரு வரி தவறாகப் போட்டால் போதும். டன்னல் எழும், வழி வரும், மறுமுனைக்குப் போக டன்னலுக்குள் நுழை என்று அந்த வழி சொல்லும், ரவுட்டர் அபாயம் கண்டு டன்னலை மூடும், வழி போகும், பழைய நல்ல வழி திரும்பும், டன்னல் மறுபடி எழும். கேப்சரில் கொஞ்ச நேரம் ஜிஆர்இ, பிறகு மௌனம், மறுபடி ஜிஆர்இ. கடலூருக்குப் போகும் வண்டியை மடித்து அந்தக் கடலூர் பைக்குள்ளேயே போட்டுத் தைத்தால் எப்படிப் போகும்? பின்னாளில் ஒரு வாடிக்கையாளர் இடத்தில் "டன்னல் ஆடிக்கிட்டே இருக்கு" என்று கூப்பிட்டபோது, அந்த மௌனங்களின் தாளத்தை வைத்தே ரவுட்டரைத் திறக்கும் முன் காரணத்தைச் சொல்ல முடிந்தது.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டிசிபிடம்ப் 1988இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரேக் லெரெஸ், ஸ்டீவன் மக்கேன் மூவரும் எழுதியது. ட்ரேஸ்ரூட்டும் அதே ஜேக்கப்சன் கையில் பிறந்தது. வயர்ஷார்க்கை ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006இல் வேலை மாறியபோது பழைய பெயரின் வணிகக்குறி உரிமை அவரிடம் இல்லாததால் புதுப் பெயர் வைத்தார். இவை எல்லாம் இலவசம், மூலநிரலோடு. இந்த மனிதர்கள் கதவைத் திறந்து வைத்திராவிட்டால் அரியாங்குப்பத்தில் டிப்ளமா படித்த ஒருவன் இந்தத் தொழிலின் உள்ளறையை எட்டிப் பார்த்திருக்க வழியில்லை. நன்றி என்ற சொல்லை இங்கே முழு மனத்தோடு எழுதுகிறேன்.

கதவு திறந்திருப்பதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. வில்லியனூர் கேப்சரை அலசிக்கொண்டிருந்தபோது ஒரு வரியைச் சொடுக்கினேன். அங்கு வேலை செய்யும் ஒருவரின் மின்னஞ்சல் கடவுச்சொல் வெற்றெழுத்தில் கிடந்தது. அடுத்த வரியில் அவர் தன் தங்கைக்கு எழுதிய கடிதம் தொடங்கியது. மூத்தவர் கையை நீட்டி மடிக்கணினியின் திரையைச் சாய்த்தார். அதன்பிறகு அவர் கற்றுக்கொடுத்தது, ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட்டை மட்டும் பிடிப்பது. ஹெடர்கள் அதற்குள் அடங்கிவிடும், கடிதத்தின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். வேலை முடிந்த அன்றே கோப்பை அழிப்பது இரண்டாவது விதி. அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் கடுமையானது. ஊழியர் கடிதத்தைப் பிரித்தால் சிறை என்று 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்திலேயே இருந்தது, சட்டம் இல்லாவிட்டாலும் பிரிக்க மாட்டோம் என்றார். இன்று என்னிடம் வேலை கற்க வருபவர்களுக்கு முதல் பாடமே இந்த 96தான். வழியைக் கற்பதற்கு முன் வாயைக் கட்டக் கற்க வேண்டும்.

கிளைகளுக்கு நடுவே ஐபிசெக் என்ற மறையாக்கம் போட்டபோது இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது, கூடவே என் பார்வையும் போயிற்று. ஈஎஸ்பி என்ற உறைக்குள் எல்லாம் மறைந்துவிடும். ஐபி ஹெடரில் நெறி எண் 50. உள்ளே பார்த்தால் குழப்பமான பைட்டுகள். வரிசை எண் தெரியும், நீளம் தெரியும், நேரம் தெரியும். வேறு அதிகம் ஒன்றும் தெரியாது. முதலில் கைகட்டிப் போட்டதுபோல் இருந்தது. பிறகு வெளியே தெரிகிறவற்றை மட்டும் வைத்துப் படிக்கப் பழகினேன்.

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே குழி வெட்டியபோது கிடைத்த மதுச்சாடிகளில் மது இல்லை. உடைந்த சாடியின் வடிவத்தையும், இத்தாலிய அரேட்டைன் தட்டுகளில் குயவர் அழுத்திய முத்திரையையும், அவை எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்பதையும் வைத்துத்தான் ரோமாபுரி வணிகத்தின் காலத்தை அவர் கணித்தார். சிறு வயதில் அங்கே காக்காயந்தோப்புப் பக்கம் ஆற்றங்கரையில் பானை ஓடு பொறுக்கி விளையாடியிருக்கிறோம். ஈஎஸ்பி கேப்சரோடு உட்காரும்போதெல்லாம் அந்த ஓடுகள் நினைவுக்கு வரும். சரக்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாடி பேசும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐபிசெக் உறவு தொடங்குமுன் ஐகேஇ பேச்சு நடக்கும். அதன் முதல் பதிப்பில், மெயின் மோடில், ஆறு பாக்கெட். முதல் நான்கு திறந்த பேச்சு, ஐந்தாவதிலிருந்து மறைவு. கேப்சரில் நான்கும் ஒழுங்காக முடிந்து ஐந்தாவது மட்டும் திரும்பத் திரும்பப் போனால், எதையும் பிரிக்காமலே சொல்லலாம்: அநேகமாக இரு பக்கமும் தட்டச்சிட்ட ரகசியச் சொல் பொருந்தவில்லை. பெரும்பாலும் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும். இன்னொன்று: நடுவில் முகவரியை மாற்றும் நாட் பெட்டி இருந்தால் பேச்சு யுடிபி 500இலிருந்து 4500க்குத் தாவும். அங்கே வேறு வேலை இல்லாதபோது 20 நொடிக்கு ஒருமுறை ஒரே ஒரு பைட் சரக்கோடு ஒரு பாக்கெட் போகும். நாட் பெட்டி நம்மை மறந்துவிடாமலிருக்க வாசலில் நிழலாட்டம் காட்டுவது. அந்த ஒற்றை பைட்டை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ பழுது என்று நினைத்து அரை நாள் தேடினேன்.

சில ஆண்டு கழித்துச் சென்னைக்குப் போனேன். அங்கே பிஜிபி. உலக இணையத்தைச் சேர்த்துக் கட்டும் நெறி. 1989இல் யாகோவ் ரெக்டரும் கிர்க் லௌகீடும் மதியச் சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் தாளில் வரைந்து தொடங்கியது. அது எவ்வளவு நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்பதற்கு 2008 பிப்ரவரி 24 போதும். யூடியூப் 208.65.152.0/22 என்று அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் மட்டும் தடுப்பதற்காக அதில் ஒரு சிறு பகுதியை, 208.65.153.0/24 என்று போட்டது. அது வெளியே கசிந்தது. குறுகிய முகவரித் தொகுதிக்கே முன்னுரிமை என்பது விதி. உலகத்தின் பெரும்பகுதி யூடியூபைத் தேடிப் பாகிஸ்தானுக்குப் போனது, இரண்டு மணி நேரத்துக்கு மேல். ரவுட்டர்கள் எல்லாம் விதிப்படியே நடந்தன.

எனக்கு பிஜிபி கற்பித்தது அதைவிடச் சின்ன நிகழ்ச்சி. ஒரு வாடிக்கையாளருக்குப் புதிய இணைப்பு. பிஜிபி உறவு எழுகிறது, மூன்று நிமிடத்தில் விழுகிறது, மறுபடி எழுகிறது. இரவு முழுதும் இப்படி. இரு தரப்பும் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். கேப்சர் வைத்தேன். டிசிபி 179. ஓபன் போனது, வந்தது. கீப்அலைவ் போனது, வந்தது. பிஜிபி-யின் கீப்அலைவ் வெறும் 19 பைட், அதில் 16 பைட், எல்லாப் பிட்டும் 1 என நிரப்பிய அடையாளக்குறி. பிறகு வழிகளைச் சுமந்த முதல் பெரிய அப்டேட். கறுப்பு வரி, சிவப்பு எழுத்து. மறு அனுப்பல். இடைவெளி இரட்டிப்பு.

வில்லியனூர்!

கை தானாக நின்றது. நெறி வேறு, ஊர் வேறு, கருவி வேறு. நோய் அதே நோய். நடுவில் இருந்தவர்கள் அந்த இணைப்பை இரண்டாம் அடுக்கில் எம்பிஎல்எஸ் மேல் சுமந்தார்கள். அது ஒட்டும் லேபிளின் எடைக்கு இடம்விட்டு எம்டியுவை உயர்த்த வழியில் ஒரு பெட்டியில் மறந்திருந்தார்கள். இரண்டாம் அடுக்கில் "கொள்ளாது" என்று திருப்பிச் சொல்ல ஆள் கிடையாது. பெரியதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். இதில் ஒரு நுணுக்கம் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. கீப்அலைவ் சின்னதுதானே, அது போய்க்கொண்டே இருக்க வேண்டாமா, உறவு ஏன் விழுகிறது? டிசிபி ஒற்றை வரிசை. முன்னால் நிற்கும் பெரிய அப்டேட் முழுதாகப் போய்ச் சேராதவரை, பின்னால் நிற்கும் கீப்அலைவ் மறுகரைக்குப் போனாலும் பிஜிபி-யின் கைக்குக் கொடுக்கப்படாது. மறுகரை 180 நொடி காத்திருந்துவிட்டு, உன் மூச்சு நின்றுவிட்டது என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பி மூடிவிடும். அந்த 180 நொடிதான் எல்லோரும் பார்த்த மூன்று நிமிடம். அதிகாலையில் அளவை வைத்துப் பிங் அடித்துக் காட்டினேன். எந்த எண் போகிறது, அதற்கடுத்த எண் போகவில்லை என்று சொன்ன பிறகு யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

அமைப்புக் கோப்பில் இருப்பது நாம் என்ன வேண்டுமென்று எழுதினோம் என்பது. என்ன நடந்தது என்பது கம்பியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று நினைத்த நாட்களில்தான் நான் அதிகம் தவறு செய்திருக்கிறேன். கம்பியிலும்கூட ஒரு முனையில் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். என்னிடம் வருபவர்கள் கேப்சரைத் திறந்ததும் இருக்கும் பாக்கெட்டுகளைப் பார்க்கிறார்கள். வந்திருக்க வேண்டியது எது வரவில்லை என்று தேடும் கண் வர ஒன்றிரண்டு வருடம் ஆகிறது. ஹப் காலம் போய்விட்டது. இன்று ஸ்விட்சிலேயே துளையைப் பிரதியெடுக்கலாம், ரவுட்டரே தனக்குள் கேப்சர் எடுத்துக்கொள்ளும். அந்தக் கண்ணை எந்தப் பெட்டியும் தருவதில்லை.

ஊருக்குத் திரும்பி எட்டு வருடமாகிறது. அந்த மருந்து வியாபாரி இன்னமும் என் வாடிக்கையாளர்தான். கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. டன்னல் இருக்கிறது, எம்டியு இரு முனையிலும் ஒன்றே.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்தால் தெருவெல்லாம் தண்ணீர், மின்சாரம் இல்லை. ஒரு நாள் விட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. தலைமை அலுவலகத்தில் ஜெனரேட்டர் இருந்தது. முழங்கால் தண்ணீரில் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்குப் பாகூரில் மருந்துக் கடைகளுக்கு இன்சுலினும் உப்பு சர்க்கரைக் கரைசலும் வேண்டியிருந்தது. எது எவ்வளவு கிளையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, போனும் எடுக்கவில்லை.

ரவுட்டரில் டன்னல் முனையில் கேப்சர் போட்டு உட்கார்ந்தேன். நம் ஹலோ பத்து நொடிக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தது. ஓஎஸ்பிஎஃப் ஹலோவில் "நான் அண்மையில் யார் யார் குரலைக் கேட்டேன்" என்று ஒரு பட்டியல் இருக்கும். நம் ஹலோவில் பாகூருக்கான அந்த இடம் காலி. நாற்பது நொடி கேட்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவது விதி. எடுத்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. திரையில் ஒரே முகவரி வரிக்கு வரி. பதில் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் பயன் எதுவுமில்லை என்று தெரியும், எழவும் மனமில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வேறொரு முகவரியில் ஒரு வரி விழுந்தது. பாகூரின் ஹலோ. பட்டியல் காலி, அந்தப் பெட்டி இப்போதுதான் எழுந்திருக்கிறது, இன்னும் யாரையும் கேட்கவில்லை. உடனே நம் ஹலோ போனது, பட்டியலில் பாகூரின் எண்ணோடு. அடுத்து அங்கிருந்து வந்ததைத் திறந்தேன். கடைசிப் புலத்தில் நம் ரவுட்டரின் எண் இருந்தது.

டிஸ்கிரிப்ஷன் பாக்கெட்டுகள் பரிமாறப்பட்டன. எம்டியு புலத்தை என்னை அறியாமலே ஒருமுறை பார்த்துக்கொண்டேன், இரண்டும் ஒன்று. வழிகள் வந்தன. பக்கத்து மேசையில் இருந்த அலுவலக அம்மா முழுப் பட்டியல் பொத்தானை அழுத்திவிட்டு, இன்சுலின் எத்தனை குப்பி என்று சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.